கறந்த பாலும் கணினிப் புதுப்பிப்பும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கணினிப் பாதுகாப்பு குறித்துத் தங்கள் நாளிதழ் அவ்வப்போது வெளியிடும் குறிப்புகளைத் தொடர்ந்து படித்து வருகிறேன். இயங்குதளத்துக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்பு வந்தால் தாமதிக்காமல் நிறுவிக்கொள்ளுங்கள் என்று ஒரு நாள் அறிவுரை வருகிறது. பிழையான புதுப்பிப்பால் கணினிகள் முடங்கின, ஆகவே சில நாள் பொறுத்திருந்து நிறுவுவதே நல்லது என்று இன்னொரு நாள் செய்தி வருகிறது. இரண்டுமே உண்மை. ஆனால் இரண்டையும் படித்துவிட்டு, அன்று மாலைக்குள் ஏதாவது ஒரு முடிவை எடுத்தாக வேண்டிய இடத்தில் இருப்பவர்களின் நிலையைப் பற்றி எழுத வேண்டும் என்று பல நாளாக எண்ணியிருந்தேன். கடிதம் நீண்டுவிட்டது, பொறுத்தருள வேண்டுகிறேன்.

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஒரு சிற்றூரின் பால் கூட்டுறவுச் சங்கத்தில் கணினிப் பொறுப்பைக் கவனித்து வருகிறேன். எங்கள் சங்கத்துக்குப் பால் ஊற்றுபவர்களில் பெரும்பாலோர் தமிழ் பேசும் சிறு விவசாயிகள். அலுவலக ஆணைகள் மலையாளத்தில் வரும், கணினித் திரையில் அறிவிப்புகள் ஆங்கிலத்தில் வரும், இரண்டையும் வரிசையில் நிற்பவர்களுக்குத் தமிழில் சொல்ல வேண்டியது என் வேலை. காலை ஐந்தரை மணிக்கே தூக்குப்போசிகளும் கேன்களும் வரிசையில் வந்துவிடும். எடைத்தராசும் பால் பரிசோதனைக் கருவியும் கேபிள் வழியாகக் கணினியோடு இணைக்கப்பட்டிருக்கின்றன. எத்தனை லிட்டர், கொழுப்பு எவ்வளவு, கொழுப்பல்லாத திடப்பொருள் எவ்வளவு என்பதைக் கணினி கணக்கிட்டு, விலையோடு ஒரு சீட்டை அச்சிட்டுத் தரும். பத்து நாளைக்கு ஒருமுறை கிடைக்கும் பணம் அந்தச் சீட்டுகளை வைத்துத்தான் நிர்ணயிக்கப்படுகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு விடியற்காலையில் கணினியைத் திறந்தவுடன் புதுப்பிப்பு தானாகவே நிறுவத் தொடங்கிவிட்டது. காலை 8 மணி முதல் மாலை 5 மணி வரைதான் வேலை நேரம் என்று அந்த இயங்குதளம் முன்கூட்டியே வரையறுத்து வைத்திருந்தது. அதை மாற்றியமைக்கலாம் என்பது அன்று எனக்குத் தெரியாது. முக்கால் மணி நேரம் கழித்துக் கணினி மீண்டும் இயங்கியபோது, எடைத்தராசின் கேபிளை அது அடையாளம் காணவில்லை. பொள்ளாச்சியிலிருந்து சர்வீஸ் செய்பவர் மாலையில் வந்து பார்த்த பிறகுதான் காரணம் தெரிந்தது: அந்தக் கேபிளுக்குள் இருக்கும் சிறு சில்லுக்கான டிரைவர், அதாவது கருவியைக் கணினியோடு பேசவைக்கும் சிறு மென்பொருள், பாதுகாப்புத் திருத்தங்களோடு சேர்ந்து மாற்றப்பட்டிருந்தது. அன்று காலை கைத்தராசும் நோட்டுப் புத்தகமுமாக நாங்கள் தடுமாறிக்கொண்டிருந்தபோது, எருமைப் பால் கொண்டுவரும் ஒரு மூதாட்டி, "ஏனுங் தம்பி, மிஷினு எழுதுலீன்னா எம்பட பாலு பாலில்லீங்களா?" என்று கேட்டார். அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. எந்த நிறுவனத்தின் இயங்குதளம் அது என்பதை நான் இங்கே குறிப்பிடவில்லை, ஏனென்றால் இப்படியொரு நாளைத் தன் பயனர்களுக்குத் தராத நிறுவனம் ஒன்றுகூட இல்லை என்பதைப் பின்னாளில் அறிந்துகொண்டேன்.

அன்று மாலையே தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்தி வைத்தேன். அத்துடன் நின்றிருந்தால் தவறு என்னோடு போயிருக்கும். கணினி பற்றி என்னிடம் ஆலோசனை கேட்பவர்கள் அக்கம்பக்கத்தில் சிலர் உண்டு. பக்கத்து ஊரில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் நண்பரும் அவர்களில் ஒருவர். எங்கள் சங்கத்தில் நடந்ததைச் சொல்லி, அவருடைய கணினியிலும் நிறுத்தி வைக்கச் சொன்னவன் நான்தான். ஓராண்டுக்கும் மேலான பிறகு ஒரு முகூர்த்த மாதத்தில் அவருடைய கோப்புகள் அத்தனையும் பூட்டப்பட்டு, பணம் கட்டினால் திறந்து தருவதாக ஓர் அறிவிப்பு திரையில் நின்றது. தாக்கியவர்கள் உள்ளே நுழைந்த பாதுகாப்பு ஓட்டைக்கான திருத்தம் பல மாதங்களுக்கு முன்பே வெளிவந்திருந்தது. பன்னிரண்டு ஆண்டுகளாக அவர் சேர்த்து வைத்திருந்த வடிவமைப்புகளில் பழைய குறுந்தகடுகளில் இருந்தவை மட்டும் மிஞ்சின. அவர் என்னை ஒரு சொல்லும் குறை கூறவில்லை. புதுப்பிப்பு பற்றி யாருக்கும் போகிற போக்கில் ஆலோசனை சொல்லக்கூடாது என்று அன்று முடிவு செய்து, கிடைத்த நேரத்திலெல்லாம் இதைப் பற்றித் தேடிப் படிக்கலானேன். இனி எழுதுவது அப்படித் தெரிந்துகொண்டதையும், அதிலிருந்து எனக்கு உறுதியாகத் தோன்றுவதையும்.

தாமதத்தின் விலையை நம் பகுதி மக்களே பார்த்திருக்கிறோம். விண்டோஸில் இருந்த ஓர் ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2017 மார்ச் 14 அன்று திருத்தம் வெளியிட்டது. அந்த ஓட்டையைப் பயன்படுத்தும் கருவி, அமெரிக்க உளவு அமைப்பிடமிருந்து திருடப்பட்டதாகச் சொல்லப்படுவது, ஏப்ரல் 14 அன்று இணையத்தில் கொட்டப்பட்டது. மே 12 அன்று, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வானாக்ரை என்ற தீநிரல் உலகெங்கும் பரவியது. திருத்தம் கையில் கிடைத்து 59 நாள்கள் ஆகியிருந்தன. அந்தச் சில நாள்களில் வயநாட்டில் ஊராட்சி அலுவலகக் கணினிகளும், எங்கள் பாலக்காட்டில் ரயில்வே கோட்ட அலுவலகக் கணினிகளும், ஆந்திரத்தில் காவல்துறைக் கணினிகளும் பூட்டப்பட்ட செய்தியைத் தமிழ் நாளிதழ்களிலேயே படித்தோம். இங்கிலாந்தில் அரசு மருத்துவச் சேவை அமைப்புகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பாதிக்கப்பட்டு, ஆயிரக்கணக்கான நோயாளிகளின் சந்திப்புகள் ரத்தாயின. அங்கே தாக்கப்பட்ட கணினிகளில் பெரும்பாலானவை திருத்தம் கிடைக்காத பழைய விண்டோஸ் எக்ஸ்பி கணினிகள் என்று அப்போது பேசப்பட்டது. ஆனால் தணிக்கையில் தெரியவந்தது வேறு. பெரும்பாலானவை விண்டோஸ் 7 கணினிகள். அவற்றுக்கான திருத்தம் மார்ச் மாதமே வந்திருந்தது, நிறுவப்படவில்லை.

அந்த மருத்துவமனைகளை அசட்டையாக இருந்தார்கள் என்று எளிதாகச் சொல்லிவிட முடியவில்லை. ஸ்கேன் கருவியோடு இணைந்திருக்கும் கணினியில் ஒரு திருத்தத்தை நிறுவினால் அந்தக் கருவி மறுநாள் இயங்குமா என்ற கேள்விக்கு விடை தெரியாமல் யார் கை வைப்பார்கள்? எங்கள் தராசுக் கேபிளுக்கே அந்தக் கதி என்றால், நோயாளி படுத்திருக்கும் கருவியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. தயங்குபவர்களின் தயக்கத்துக்கு அனுபவம் என்ற அடித்தளம் இருக்கிறது. அந்த அனுபவத்தைக் கொடுத்தவர்கள் புதுப்பிப்பை அனுப்பியவர்களே.

அவசரத்தின் விலையை 2024 ஜூலை 19 அன்று உலகமே பார்த்தது. அன்று பிழை செய்தது இயங்குதள நிறுவனமன்று. விண்டோஸின் மையப்பகுதிக்குள்ளேயே இயங்கும் பாதுகாப்பு மென்பொருளைத் தரும் கிரௌட்ஸ்ட்ரைக் நிறுவனம். நம் நேரப்படி காலை 9.39 மணிக்கு ஒரு சிறிய தரவுக் கோப்பு அனுப்பப்பட்டது, 10.57 மணிக்குத் திரும்பப் பெறப்பட்டது. அந்த 78 நிமிடங்களில் ஏறக்குறைய 85 லட்சம் கணினிகள், பிழையை அறிவிக்கும் நீலத் திரையில் நின்றுவிட்டன. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். மென்பொருள் 20 உள்ளீடுகளை எதிர்பார்த்த இடத்தில் கோப்பு 21-ஆவதைப் படிக்கச் சொன்னது. கோப்பைச் சரிபார்க்க வேண்டிய நிரலிலும் ஒரு பிழை இருந்ததால் அது கண்ணில் படவில்லை. இவையெல்லாம் பின்னர் அந்த நிறுவனமே வெளியிட்ட விவரங்கள். என்னை இன்றும் உறுத்துவது வேறொன்று: அந்தக் கோப்பு படிப்படியாக அனுப்பப்படவில்லை, எல்லாருக்கும் ஒரே நேரத்தில் போயிற்று. முதலில் ஆயிரம் கணினிகளுக்கு அனுப்பிப் பத்து நிமிடம் காத்திருந்தால், அந்த ஆயிரமும் எழவில்லை என்பது தெரிந்திருக்கும். பத்து நிமிடத் தாமதத்தால் எந்தத் தாக்குதலும் பெரிதாகிவிடப் போவதில்லை. அதற்குப் பிறகுதான் அந்த நிறுவனம் படிப்படியாக வெளியிடும் முறைக்கு மாறியது.

இந்த இடத்தில் எங்கள் தொழிலிலிருந்து ஒன்றைச் சொல்ல அனுமதிக்க வேண்டும். பால் காத்திருக்காது. கறந்த சில மணி நேரத்துக்குள் குளிர்விப்பானுக்குள் போகாவிட்டால் திரிந்துவிடும். அதற்காகச் சோதிக்காமல் தொட்டியில் ஊற்றவும் முடியாது. ஒருவர் கொண்டுவந்த கெட்ட பால் தொட்டியில் இருக்கும் அத்தனை பேருடைய பாலையும் கெடுத்துவிடும். அவசரத்துக்கும் சோதனைக்கும் இடையே ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்படி யாரும் எங்களைக் கேட்டதில்லை. பாலின் அவசரத்துக்குள் அடங்கும்படி சோதனையை அமைத்திருக்கிறார்கள். கேனைத் திறந்தவுடன் மணம் பார்ப்பது ஒரு நொடி. கருவியில் வைத்துக் கொழுப்புப் பார்ப்பது ஒரு நிமிடம். சந்தேகம் வந்தால் சிறிது பாலைக் காய்ச்சிப் பார்ப்பது ஐந்து நிமிடம். மணிக்கணக்கில் ஆகும் மெதிலீன் நீலச் சோதனை போன்றவை பால்பண்ணையின் ஆய்வகத்தில் நடக்கும். கெட்டது என்று தெரிந்தால் அந்த ஒரு கேன் மட்டும் திரும்பிப் போகும், வரிசை நிற்காது. பல ஆண்டுகளாகக் கோடிக்கணக்கான லிட்டர் பால் இந்த ஒழுங்கில்தான் நம் வீடுகளுக்கு வருகிறது.

மென்பொருள் உலகில் இந்த ஒழுங்கு அறவே இல்லை என்று சொல்ல மாட்டேன். கூகுள், மைக்ரோசாஃப்ட், ஆப்பிள் எல்லாம் பல புதுப்பிப்புகளைச் சிறு பகுதியினருக்கு முதலில் அனுப்பிப் பார்க்கின்றன. கேரளப் பள்ளிகளில் அரசின் கைட் நிறுவனம் வழங்கும் இயங்குதளம், உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தை அடிப்படையாகக் கொண்டது. அந்த உபுண்டுவும் சாதாரணப் புதுப்பிப்புகளைப் பகுதி பகுதியாகவே வெளியிடுகிறது. ஆனால் பாதுகாப்புத் திருத்தம் என்று வந்தால் உபுண்டு எல்லாருக்கும் ஒரே நேரத்தில் கொடுத்துவிடுகிறது. இது எனக்கு முதலில் புரியவில்லை. மிகவும் கவனமாகச் செய்ய வேண்டிய ஒன்றில் ஏன் கவனத்தைக் குறைக்கிறார்கள் என்று நினைத்தேன்.

காரணம் இதுதான். திருத்தம் வெளியான அந்தக் கணமே, ஓட்டை எங்கே இருந்தது என்பதும் வெளியாகிவிடுகிறது. பழைய கோப்பையும் புதிய கோப்பையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து ஒப்பிடத் தெரிந்தவர்களுக்கு, எந்த வரி மாறியிருக்கிறது என்பதே வழிகாட்டி. ஓர் ஊரில் எல்லார் வீட்டிலும் ஒரே வகைப் பூட்டு தொங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். பூட்டுக்காரர் வந்து முதல் நான்கு வீடுகளில் மட்டும் பூட்டை மாற்றினால், கழற்றிப் போட்ட பூட்டை எடுத்துப் பார்க்கும் திருடனுக்கு மற்ற வீடுகளைத் திறக்கும் வழி தெரிந்துவிடும். மைக்ரோசாஃப்ட் 2003 அக்டோபரிலிருந்து மாதத்தின் இரண்டாம் செவ்வாயன்று திருத்தங்களை மொத்தமாக வெளியிட்டு வருகிறது. நம் நாட்டில் அப்போது இரவு பத்தரை அல்லது பதினொன்றரை ஆகியிருக்கும். மறுநாள் புதன்கிழமையைத் தாக்குவோரின் நாள் என்று துறையினர் சொல்வதுண்டு. ஆகவே பாதுகாப்புத் திருத்தத்தை வாரக்கணக்கில் இழுத்து, பகுதி பகுதியாகக் கொடுப்பது கடைசியில் நிற்பவர்களைக் காட்டிக்கொடுப்பதாகிவிடும். வரிசையின் கடைசியில் நிற்பவர்கள் பெரும்பாலும் எங்களைப் போன்ற சிற்றூர்க்காரர்களே.

இந்தச் சிக்கலுக்கு வழி இல்லாமலில்லை. எல்லா ஓட்டையும் ஒரே அளவு அவசரமானது அன்று. யாரோ அதை ஏற்கெனவே பயன்படுத்தித் தாக்கிக்கொண்டிருக்கிறார்கள் என்றால் மணிக்கணக்கில் முடிக்க வேண்டும். ஆராய்ச்சியாளர் ஒருவர் கண்டுபிடித்து நிறுவனத்திடம் இரகசியமாகத் தெரிவித்திருக்கிறார், வெளியே யாருக்கும் தெரியாது என்றால், வெளியிடுவதற்கு முன்பு வாரக்கணக்கில் சோதிக்க நேரம் இருக்கிறது. ஓட்டைகளைத் தேடும் கூகுளின் பிராஜெக்ட் ஜீரோ குழு, தான் கண்டுபிடிப்பவற்றுக்குத் திருத்தம் தயாரிக்க 90 நாள் அவகாசம் தருகிறது. அந்த 90 நாளும் சோதனைக்குரிய நாள்கள். வெளியிட்ட பிறகு முதல் பகுதிக்கும் கடைசிப் பகுதிக்கும் இடையே ஓரிரு நாள் போதும். கணினி எழவில்லை, அச்சுப்பொறி இயங்கவில்லை போன்ற பெரும் பிழைகள் முதல் சில மணி நேரத்திலேயே தெரிந்துவிடுகின்றன.

அவசரம் சரியாக இருந்த ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். 2017 நவம்பர் 28 அன்று, மேக் கணினிகளின் ஹை சியரா இயங்குதளத்தில் பயனர்பெயராக 'ரூட்' என்று எழுதிக் கடவுச்சொல் இல்லாமலேயே முழு அதிகாரத்தோடு நுழைய முடியும் என்பது பொதுவெளியில் எல்லாரும் படிக்கும்படி வெளியாகிவிட்டது. ஆப்பிள் மறுநாளே திருத்தம் தந்தது. அந்தத் திருத்தத்தால் சிலருக்குக் கோப்புப் பகிர்வு நின்றுபோயிற்று, அதைச் சரிசெய்யத் தனிக் கட்டளை தர வேண்டியிருந்தது. அதற்காக ஆப்பிளைக் கடிந்துகொண்டவர்கள் உண்டு. என் மனத்துக்கு அந்த முடிவு சரியாகவே படுகிறது. வாசல் திறந்து கிடப்பது ஊருக்கே தெரிந்த பிறகு, கதவை மாட்டும்போது சன்னல் இறுகிக்கொண்டால் அதை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

காலம் மட்டும் இருந்தால் சோதனை நன்றாக நடந்துவிடும் என்பதும் உண்மையன்று. மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்ற பெயர்களில் அறியப்பட்ட சில்லுக் குறைபாடுகள் 2017 ஜூன் மாதமே நிறுவனங்களுக்குத் தெரிவிக்கப்பட்டிருந்தன. 2018 ஜனவரி 3 அன்றுதான் உலகுக்குத் தெரிந்தன. ஆறு மாதம் இருந்தும், விண்டோஸுக்கு வந்த திருத்தம் ஏஎம்டி நிறுவனச் சில்லுள்ள சில கணினிகளை எழவிடாமல் செய்து நிறுத்தி வைக்கப்பட்டது. சில்லு தயாரிக்கும் இன்டெல் நிறுவனம் தன் திருத்தத்தால் கணினிகள் தாமாகவே மீண்டும் மீண்டும் தொடங்குவதைக் கண்டு, அதை நிறுவ வேண்டாம் என்று அதே மாதம் தானே அறிவித்தது. விண்டோஸ் 7-க்குத் தரப்பட்ட மெல்ட்டவுன் திருத்தம் பழைய ஓட்டையை அடைத்துவிட்டு, அதைவிடப் பெரிய ஓட்டையைத் திறந்து வைத்தது. அதை அடைக்க மார்ச் மாதத்தில் இன்னொரு திருத்தம் தேவைப்பட்டது. இரகசியம் காக்க வேண்டி மிகச் சிலரே சோதித்தார்கள் என்பது இங்கே நினைத்துப் பார்க்க வேண்டியது. எத்தனை நாள் சோதித்தார்கள் என்பதைப் போலவே, எத்தனை வகைக் கணினிகளில் சோதித்தார்கள் என்பதும் முக்கியம். 2021 ஜூலையில் விண்டோஸ் புதுப்பிப்பு ஒன்றுக்குப் பிறகு சில அச்சுப்பொறிகள் நின்றுபோனபோது, அவற்றில் பெரும்பாலானவை யுஎஸ்பி வழி இணையும் ரசீது அச்சுப்பொறிகளும் லேபிள் அச்சுப்பொறிகளும் என்று மைக்ரோசாஃப்டே தெரிவித்தது. ரசீது அச்சுப்பொறி இருக்கும் இடம் எது? மளிகைக் கடை, மருந்துக் கடை, பேருந்து முன்பதிவு நிலையம், பால் சங்கம். பெருநிறுவன அலுவலகங்களின் மேசைகளில் அது இருப்பதில்லை. சோதனைக் கூடத்துக்கு நம் கருவிகள் போய்ச் சேரவேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

மெதுவாகச் செல்வதே காப்பாற்றிய நேரமும் உண்டு என்பதை மறைக்கக்கூடாது. லினக்ஸ் கணினிகள் பரவலாகப் பயன்படுத்தும் எக்ஸ்இசட் என்ற சிறு நிரல்தொகுப்பில், ஈராண்டுக்கும் மேலாக நல்லவராக நடித்து நம்பிக்கை பெற்ற ஒருவர் கள்ளவழி ஒன்றைப் புகுத்தியிருந்தார். மைக்ரோசாஃப்டில் பணிபுரியும் ஆண்ட்ரெஸ் ஃப்ராயண்ட் என்ற பொறியாளர், தொலைவிலிருந்து உள்நுழைவதற்கு அரை நொடி கூடுதலாகிறதே என்று துருவிப் பார்த்து, 2024 மார்ச் 29 அன்று அதை வெளிப்படுத்தினார். அப்போது அந்தப் பதிப்பு டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் சோதனைக் கிளைகள் வரைதான் வந்திருந்தது. நிலையான பதிப்புக்கு வரவில்லை. புதியது எதுவானாலும் உடனே எடுத்துக்கொள்ளும் வழக்கம் அங்கும் இருந்திருந்தால் விளைவை நினைக்கவே முடியவில்லை. ஆனால் இதே டெபியன், பாதுகாப்புத் திருத்தம் என்றால் தாமதிப்பதில்லை. புதிய பதிப்பைக் கொடுக்காமல், பழைய பதிப்பிலேயே அந்த ஓட்டையை அடைக்கும் சில வரிகளை மட்டும் எடுத்துத் தைத்துக் கொடுக்கிறது. புதுமைக்கு நிதானமும் பாதுகாப்புக்கு வேகமும் ஒரே வீட்டில் இருக்க முடியும் என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்குத் தேவைப்படவில்லை.

என் முதல் வேண்டுகோள் இதிலிருந்து பிறப்பது. பாதுகாப்புத் திருத்தத்தோடு வேறெதையும் சேர்த்துக் கட்டாதீர்கள். எங்கள் தராசை நிறுத்தியது பாதுகாப்புத் திருத்தம் அன்று, அதோடு வந்த டிரைவர். 2016 அக்டோபர் முதல் விண்டோஸ் 7-க்குக்கூடத் திருத்தங்கள் மாதம் ஒரு மூட்டையாகவே வரத் தொடங்கின. அதற்கு முன் ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுக்க முடிந்தது. ஆளுக்கொரு விதமாகத் தேர்ந்தெடுத்தால் ஆயிரம் வகைக் கணினிகள் உருவாகி, எதையும் சோதிக்க முடியாமல் போகும் என்று நிறுவனம் சொன்ன காரணத்தில் நியாயம் உண்டு. ஓட்டையை அடைப்பவற்றை ஒரு மூட்டையாகக் கட்டட்டும், மறுப்பில்லை. அதற்குள் புதிய பொத்தான்களையும் மாறிய திரைகளையும் தேவையில்லாத செயலிகளையும் வைத்தால், ஒரு முறை சூடுபட்டவர் மூட்டையையே வாசலில் நிறுத்திவிடுவார். அப்படி நிறுத்தியவன் நான். என் சொல்லை நம்பி நிறுத்தியவர் என் நண்பர்.

இரண்டாவது, திரும்பும் வழி. கறந்த பால் மடி புகாது என்பது எங்கள் ஊரில் தினமும் காதில் விழும் வாக்கு; மென்பொருளுக்கு அந்த விதி பொருந்தாது. ஆண்ட்ராய்டு 7 வெளிவந்த 2016-ஆம் ஆண்டிலிருந்தே, பல கைபேசிகளில் புதுப்பிப்பு ஒரு தனி இடத்தில் நிறுவப்படுகிறது. பழைய பிரதி அப்படியே பக்கத்தில் இருக்கும். புதியது எழவில்லை என்றால் கைபேசி தானாகவே பழையதற்குத் திரும்பிவிடும். பயனருக்கு அப்படியொன்று நடந்ததே தெரியாது. கிரௌட்ஸ்ட்ரைக் நாளில் திருத்தம் 78 நிமிடத்தில் வந்தும் பல நிறுவனங்கள் பல நாள் தவித்ததற்குக் காரணம், எழாத கணினியை இணையம் வழியாகத் தொட முடியாது என்பதே. ஒவ்வொரு கணினிக்கும் ஓர் ஆள் நேரில் போய், பாதுகாப்பு நிலையில் (சேஃப் மோட்) திறந்து, அந்த ஒரு கோப்பை நீக்க வேண்டியிருந்தது. நகரத்து நிறுவனத்துக்கு ஆள் இருக்கிறார். எங்கள் ஊருக்குப் பொள்ளாச்சியிலிருந்து பேருந்தில் வர வேண்டும். திரும்பும் வழி உறுதியாக இருக்குமானால், ஒரு திருத்தத்தைச் சற்று முன்னதாகவே வெளியிடும் துணிவு நிறுவனத்துக்கும், அதை அன்றே நிறுவும் துணிவு எனக்கும் வரும். வேகத்துக்கும் சோதனைக்கும் இடையேயான இழுபறியில் பாதி இங்கேயே தீர்ந்துவிடும் என்பது என் கருத்து.

இன்னொன்றும் உண்டு, அது மொழி. என் திரையில் ஒரு நீண்ட எண் வருகிறது, அதன் கீழே ஆங்கிலத்தில் இரண்டு வரி. இந்த ஓட்டை வழியாக இப்போதே தாக்குதல் நடக்கிறதா, இல்லையா? எந்தெந்தக் கருவிகளோடு சிக்கல் வரக்கூடும்? சிக்கல் வந்தால் எப்படித் திரும்புவது? இந்த மூன்று கேள்விக்கும் பெரும்பாலும் எங்கோ ஒரு பக்கத்தில் விடை எழுதப்பட்டிருக்கிறது. அதைத் தேடிப் படிக்கும் பொறுமையும் ஆங்கிலமும் உள்ளவருக்கு மட்டும் அது கிடைக்கிறது. அதே திரையில் தமிழிலும் மலையாளத்திலும் மூன்று வரி எழுதுவது, இத்தனை பெரிய நிறுவனங்களுக்கு இயலாத காரியமாக இருக்க முடியாது. எங்கள் சங்கச் செயலாளர் தமிழில் படித்துப் புரிந்துகொண்டால், "இன்றைக்கு வேண்டாம், நாளைக்குப் பார்க்கலாம்" என்று சொல்லும் வழக்கத்தை அவரே விட்டுவிடுவார்.

பயனர்களின் கடமையை மறுக்க நான் வரவில்லை. இப்போது எங்கள் சங்கத்தில் பின்னறையில் ஒரு பழைய கணினியை, அதே வகைக் கேபிளோடும் ஒரு பழைய தராசோடும் வைத்திருக்கிறோம். காலைப் பாலுக்கும் மாலைப் பாலுக்கும் இடையே கிடைக்கும் மதிய வேளையில் புதுப்பிப்பை முதலில் அதில் நிறுவி, எடை வருகிறதா, சீட்டு அச்சாகிறதா என்று பார்க்கிறேன். கணக்குகளைத் தனி ஹார்டு டிஸ்கில் நகலெடுத்து, அதைக் கழற்றிச் செயலாளரின் பீரோவில் வைத்த பிறகுதான் முன்னறைக் கணினியைத் தொடுகிறேன். வழக்கமான திருத்தத்துக்கு இரண்டு நாள் எடுத்துக்கொள்கிறேன். தாக்குதல் நடந்துகொண்டிருக்கிறது என்று தெரிந்தால் அன்று மதியமே முடித்துவிடுகிறேன். தானாக மறுதொடக்கம் ஆகும் நேரத்தையும் எங்கள் வேலை நேரத்துக்கு ஏற்ப மாற்றிவிட்டேன். இதற்குப் பெரிய செலவில்லை. ஆனால் ஒரே கணினி வைத்திருக்கும் அச்சகத்துக்கும் மருந்துக் கடைக்கும் பின்னறைக் கணினி ஏது? அவர்களுக்காகச் சோதித்துப் பார்க்க வேண்டியவர் அனுப்புபவர்தான். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்ட நிலையில், புதிய கணினி வாங்க இயலாதவர்களின் கதி என்ன என்பது தனியாக எழுத வேண்டிய பொருள். இங்கே அதை நீட்டவில்லை.

தங்களிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. நாளிதழில் மழை அளவும் அணை நீர்மட்டமும் வெளியிடும் இடத்துக்கு அருகில், வாரத்தில் ஒரு நாள், உள்ளங்கை அளவுக்கு ஒரு கட்டம் ஒதுக்க முடியுமா? அந்த வாரத்தில் வந்த இயங்குதளத் திருத்தங்களில் எது அன்றே நிறுவ வேண்டியது, எது இரண்டு நாள் பொறுக்கலாம், எதில் சிக்கல் தெரியவந்திருக்கிறது என்று தமிழில் நான்கு வரி போதும். இந்தத் துறையில் பணிபுரியும் தங்கள் வாசகர்கள் கோயம்புத்தூரிலும் சென்னையிலும் நிறைய இருப்பார்கள். கேட்டால் எழுதித் தருவார்கள் என்று நம்புகிறேன். எங்கள் சங்கத்தில் கோயம்புத்தூர்ப் பதிப்பு காலை ஏழு மணிக்கு வருகிறது. அந்தக் கட்டத்தை வெட்டி, பால் விலைப் பட்டியலுக்குப் பக்கத்தில் ஒட்டி வைப்பேன்; அச்சக நண்பருக்கும் ஒரு படி கொண்டுபோய்க் கொடுப்பேன்.

இப்படிக்கு,
ஒரு பால் கூட்டுறவுச் சங்க ஊழியர்,
சித்தூர் வட்டம், பாலக்காடு மாவட்டம்.